பொது இலக்கு, தனி நாட்டுக் கணக்கு: எரிசக்திக் கொள்கையை எதை வைத்து அளப்பது?

கேள்வி இதுதான். பல நாடுகள் கூடி, "இந்த ஆண்டுக்குள் நம் எரிசக்தியில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்" என்று பொது இலக்கு ஒன்றை வைத்துக்கொள்கின்றன. அதில் ஒரு தனி நாட்டின் கொள்கை எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டிய சதவீதத்தை இலக்குக்குப் பக்கத்தில் எழுதி வித்தியாசம் பார்த்தால் போதாதா?

போதாது. ஏன் என்று புரிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020 கணக்கு ஒன்றே போதும்.

2007 மார்ச்சில் ஒன்றியத்தின் தலைவர்கள் 2020-க்கு மூன்று இலக்குகளை ஒப்புக்கொண்டார்கள். பசுங்குடில் வாயுக்களை 1990 அளவிலிருந்து 20 சதவீதம் குறைப்பது, மொத்த இறுதி எரிசக்தி நுகர்வில் (வீடுகளும் ஆலைகளும் வண்டிகளும் கடைசியில் பயன்படுத்துவதில்) 20 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்கதாக்குவது, எரிசக்தித் திறனை, அதாவது அதே வேலையைக் குறைந்த எரிசக்தியில் செய்வதை, 20 சதவீதம் கூட்டுவது. 2009-இல் வந்த சட்டம் இரண்டாவது இலக்கை நாடுவாரியாகப் பிரித்துக் கட்டாயமாக்கியது. மால்டாவுக்கு 10, போலந்துக்கு 15, பிரான்ஸுக்கு 23, ஸ்வீடனுக்கு 49 சதவீதம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண் வந்தது. 2020 முடிந்தபோது ஒன்றியம் முழுமைக்கும் 22.1 சதவீதம் கிடைத்தது. தன் எண்ணைத் தொடாத ஒரே உறுப்பு நாடு பிரான்ஸ், 19.1 சதவீதத்தில் நின்றுவிட்டது. போலந்து 16.1 சதவீதத்தோடு தேறிவிட்டது.

அந்த 2020-இல் போலந்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. பிரான்ஸின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுமின்சாரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடை ஒப்பிட்டால் போலந்தின் அளவு பிரான்ஸைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் பட்டியலில் போலந்து பாஸ், பிரான்ஸ் ஃபெயில்.

யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல் அப்படி. அது மின்சாரத்தை மட்டும் பார்ப்பதில்லை, வீட்டைச் சூடாக்கும் எரிபொருள், வண்டிக்குப் போடும் எரிபொருள் எல்லாம் அதே கூடையில் விழும். அணுசக்தி புதுப்பிக்கத்தக்கது அல்ல என்பதால், பங்கைக் கணக்கிடும் பின்னத்தின் தொகுதியில் (மேல் எண்ணில்) அதற்கு இடமில்லை, பகுதியில் (கீழ் எண்ணில்) மட்டும் உண்டு. விறகோ புதுப்பிக்கத்தக்கது. போலந்தின் வீடுகள் நிறைய விறகு எரிக்கின்றன. எவ்வளவு என்று புதிதாகக் கணக்கெடுத்துப் பழைய புள்ளிவிவரத்தைத் திருத்தினார்கள். முதலில் 12 சதவீதம் சொச்சம் என்று வெளியான 2019-ஆம் ஆண்டுப் பங்கு, திருத்தியபின் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த விறகு முன்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது, கணக்கில் மட்டும் இல்லை. திருத்தியது சரியான காரியமே. ஆனால் அந்த மூன்று சதவீதப் புள்ளி உயர்வில் கொள்கைக்குப் பங்கு எதுவும் இல்லை.

இதை வைத்து "பிரான்ஸ் பாவம், அளவுகோல்தான் தப்பு" என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அணுமின்சாரத்தைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் 23 என்ற எண்ணுக்குப் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. அந்நாட்டின் முதல் பெரிய கடல்வழிக் காற்றாலைத் திட்டம், சென்-நசேர் கரைக்கு அப்பால் உள்ளது, 480 மெகாவாட். ஒப்பந்தம் தரப்பட்டது 2012-இல். முழுதாக ஓடத் தொடங்கியது 2022 இறுதியில். நடுவில் போன பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியை வழக்குகளும் அனுமதிகளும் தின்றன. இதை அளவுகோலின் மேல் பழிபோட முடியாது. ஆக, பிரான்ஸின் குறைவில் ஒரு பகுதி அளவுகோல் தந்தது, மறுபகுதி கொள்கை தந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் அளப்பவரின் வேலை.

அதற்கு முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் தேசிய எண் எங்கிருந்து வந்தது என்பதை. 2009 பங்கீட்டின் சூத்திரம் எளிமையானது. 2005-இல் ஒரு நாட்டின் பங்கு எவ்வளவோ அதன்மேல் எல்லாருக்கும் ஒரே மாதிரி 5.5 புள்ளி கூட்டினார்கள். மீதியைத் தனிநபர் ஜிடிபியைப் பொறுத்துப் பிரித்தார்கள். முன்கூட்டியே வேலையை ஆரம்பித்தவர்களுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தார்கள். எங்கே வெயில் அதிகம், எங்கே காற்று அதிகம், எங்கே ஆறு இருக்கிறது என்ற கேள்வி சூத்திரத்தில் பெரிதாக வரவில்லை. பணம் உள்ளவர் அதிகம் சுமக்கட்டும் என்ற நியாயம்தான் அதில் இருந்தது. 2005-இல் ஸ்வீடனிடம் 39.8 சதவீதம் இருந்தது, கேட்டது 49. அப்போது உறுப்பினராக இருந்த பிரிட்டனிடம் இருந்தது 1.3, கேட்டது 15. ஸ்வீடன் ஏற வேண்டியது 9 புள்ளி சொச்சம், பிரிட்டன் ஏற வேண்டியது கிட்டத்தட்ட 14. ஸ்வீடன் கடைசியில் 60 சதவீதத்தைத் தொட்டது. அதன் கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் காடும் ஆறும் உள்ள நாட்டுக்கு 49 என்பது எவ்வளவு கடினமான எண் என்று கேட்காமல், "இலக்கைவிட 11 புள்ளி அதிகம்" என்று கைதட்டுவதில் பொருளில்லை. இலக்கிலிருந்து உள்ள தூரம் அரசியல் பேரத்தின் தடத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

அடுத்து, இடைவழி. பத்தாண்டு இலக்கில் பத்தாவது ஆண்டு வரை காத்திருந்து மதிப்பிட முடியாது என்பதால், வழியில் சோதனைப் புள்ளிகள் வைப்பார்கள். 2009 சட்டத்தில் அந்தப் பாதை வளைந்திருந்தது. ஏற வேண்டிய உயரத்தில் 2011-12 சராசரியாக 20 சதவீதம், 2013-14-இல் 30, 2015-16-இல் 45, 2017-18-இல் 65 சதவீதம். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் 35 சதவீத வேலை மிச்சம். முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் "சரியான பாதையில்" தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பெயினைப் பாருங்கள். 2005-இல் 8.7 சதவீதம், இலக்கு 20. பாதைப்படி 2013-14-இல் 12.1 சதவீதம் இருந்தால் போதும். அதனிடம் 15-க்கும் மேல் இருந்தது. மதிப்பீட்டு அறிக்கையில் நல்ல பெயர். ஆனால் 2012 ஜனவரியிலேயே புதிய காற்றாலை, சோலார் திட்டங்களுக்கான ஆதரவு விலையை அரசு நிறுத்திவிட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குப் புதிய நிறுவல்கள் ஏறக்குறைய நின்றே போயின. கொள்கை உறங்கிக்கொண்டிருந்தபோது பழைய கொள்கையின் விளைச்சல் மதிப்பெண் வாங்கித் தந்தது. பங்கு எவ்வளவு என்பதோடு, அந்த ஆண்டில் புதிதாக என்ன கட்டப்பட்டது, என்னென்ன ஒப்பந்தங்கள் போடப்பட்டன என்று சேர்த்துப் பார்த்திருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். இருப்பு தாமதமாகப் பேசும், வரத்து உடனே பேசும்.

நெதர்லாந்தின் கதை வேறு மாதிரி. 2.4 சதவீதத்தில் தொடங்கி 14-க்குப் போக வேண்டும். முதல் சோதனைப் புள்ளியான 4.7 சதவீதத்தை ஏறத்தாழத் தொட்டது. 2017-18-இல் பாதைப்படி 9.9 இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததோ சுமார் 7. 2020-இல் சொந்த உற்பத்திக் கணக்கு சுமார் 11 சதவீதம்தான். பிறகு எப்படித் தேறியது? டென்மார்க்கிடமிருந்து வாங்கியது. மின்சாரத்தை அல்ல, கணக்கை. "புள்ளிவிவர மாற்றம்" என்று சட்டத்திலேயே இடமுண்டு: இலக்கைவிட அதிகம் எட்டிய நாடு தன் மிச்சத்தை, குறைந்துபோன நாட்டின் ஏட்டுக்கு மாற்றித் தரலாம். 2020 ஜூனில் போட்ட ஒப்பந்தப்படி 8 டெராவாட்-மணி (800 கோடி யூனிட்) அளவுக்கு 10 கோடி யூரோ, தேவைப்பட்டால் இன்னும் 8 வாங்கிக்கொள்ளலாம். ஒரு யூனிட்டுக்கு 1.25 யூரோ சென்ட் ஆகிறது. இந்த ஏற்பாட்டால் ஒரு கம்பியிலும் கூடுதலாக மின்சாரம் ஓடவில்லை. டென்மார்க் அந்தப் பணத்தை ஹைட்ரஜன் திட்டங்களுக்கு ஒதுக்கியது என்பது நல்ல விஷயம். லக்சம்பர்க் 2017-லேயே லிதுவேனியாவிடமும் எஸ்டோனியாவிடமும் இப்படி வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது, அதுதான் முதல்.

இதை மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிராந்தியத்துக்கு ஒரே இலக்கு என்றால், எங்கே மலிவாக முடியுமோ அங்கே செய்துவிட்டு விலை கொடுத்துக்கொள்வது அறிவுள்ள வழி. ஆனால் நாட்டின் கொள்கையை அளக்கும்போது இரண்டு வரிகள் வேண்டும்: வாங்கியதற்கு முன், வாங்கியதற்குப் பின். பின்வரி மட்டும் அச்சாகும் அட்டவணையைப் பார்த்தால் நெதர்லாந்தின் 14 சரியாக இருக்கும், அதற்குள் இருக்கும் தாமதம் தெரியாது.

இனி அதிர்ஷ்டம். இங்கேதான் பெரும்பாலான மதிப்பீடுகள் வழுக்குகின்றன.

எரிசக்தித் திறன் இலக்கில் 2020-க்கான உச்சவரம்பு, 27 நாடுகளுக்கும் சேர்த்து, முதன்மை எரிசக்தியில் (மின்சாரமாகவோ வேறு எரிபொருளாகவோ மாற்றுவதற்கு முன் உள்ள மூல எரிசக்தியில்) 131.2 கோடி டன் எண்ணெய்க்குச் சமம். இறுதி நுகர்வில் 95.9 கோடி டன். 2019-இல் இரண்டிலும் ஒன்றியம் வரம்புக்கு மேலே இருந்தது, சுமார் 3 சதவீதம் அதிகம். அடுத்த ஆண்டு பெருந்தொற்று வந்தது. விமானங்கள் நின்றன, தொழிற்சாலைகள் மூடின. போதாததற்கு ஐரோப்பாவில் அந்த ஆண்டு வழக்கத்தைவிட வெப்பமாகவும் இருந்தது. 2020-இல் முதன்மை எரிசக்தி 123.6 கோடிக்கும் இறுதி நுகர்வு 90.7 கோடிக்கும் இறங்கி, இலக்கை 5 சதவீதத்துக்கும் மேலான இடைவெளியில் தாண்டிவிட்டது. 2021-இல் இறுதி நுகர்வு மறுபடி 96.8 கோடிக்கு ஏறி, பழைய வரம்பையே மீறியது. இலக்கு ஆண்டு எதுவோ அந்த ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் பெருந்தொற்றுதான் தலைசிறந்த திறன் கொள்கை என்று ஆகிவிடும். புதுப்பிக்கத்தக்க பங்கு 22.1 ஆனதிலும் இதன் கை உண்டு: பகுதி (கீழ் எண்) சுருங்கினால் பங்கு தானாகவே ஏறும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் நீர்மின்சாரத்தை அப்படியே எடுப்பதில்லை. கடந்த 15 ஆண்டுகளில் ஒரு மெகாவாட் நிறுவுதிறன் (ஆலை முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு) சராசரியாக எவ்வளவு உற்பத்தி செய்தது என்று பார்த்து, அதை இப்போதுள்ள நிறுவுதிறனோடு பெருக்குகிறது. மழை பெய்த ஆண்டு, பொய்த்த ஆண்டு என்ற ஏற்ற இறக்கம் அதில் தேய்ந்துவிடும். காற்றாலைக்கும் இப்படித்தான், ஆனால் 5 ஆண்டுச் சராசரி. தொகுதிக்கு இந்தக் கவனம் உண்டு. பகுதிக்கு, அதாவது குளிர் குறைந்ததால் சூடாக்கும் தேவை குறைந்த கணக்குக்கு, அப்படி ஒரு திருத்தம் கிடையாது. நாடுகளை ஒப்பிடும்போது அதை நாமே செய்துகொள்ள வேண்டும்.

திறன் பக்கத்தில் வல்லுநர்கள் செய்வது, நுகர்வில் ஏற்பட்ட மாற்றத்தைக் கூறுபோடுவது. பொருளாதாரம் பெரிதானதால் எவ்வளவு கூடியது, இரும்பு, சிமென்ட் போன்ற தொழில்கள் சுருங்கிச் சேவைத்துறை வளர்ந்ததால் எவ்வளவு குறைந்தது, வானிலையால் எவ்வளவு, இவையெல்லாம் போக, அதே வேலையைக் குறைந்த எரிசக்தியில் செய்ததால் எவ்வளவு. கடைசிக் கூறில்தான் திறன் கொள்கையின் தடத்தைத் தேடலாம். அதிலும்கூடப் பழைய இயந்திரம் தேய்ந்து புதியது வந்ததால் தானாக நடந்த முன்னேற்றம் கலந்திருக்கும். துல்லியம் வராது, ஆனால் ஒட்டுமொத்த எண்ணைவிட எவ்வளவோ மேல்.

இப்போது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கு வருவோம், ஏனென்றால் அங்கே சிக்கலே வேறு. 2021 முதல் 2025 வரையிலான திட்டத்தில் ஆசியான் நாடுகள் வைத்துக்கொண்ட இலக்குகள்: மொத்த முதன்மை எரிசக்தி வழங்கலில் 23 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது, மின் நிறுவுதிறனில் 35 சதவீதம், 2005-ஐ ஒப்பிட எரிசக்திச் செறிவில் (ஒரு டாலர் ஜிடிபிக்கு எவ்வளவு எரிசக்தி என்ற அளவில்) 32 சதவீதக் குறைப்பு. எல்லாம் 2025-க்குள். எதுவும் நாடுவாரியாகப் பிரிக்கப்படவில்லை, கட்டாயமும் இல்லை. ஐரோப்பாவில் பங்கீடு நியாயமா என்று சண்டை போடலாம். இங்கே பங்கீடே கிடையாது. ஒரு நாடு "எங்கள் பங்கைச் செய்துவிட்டோம்" என்று சொன்னால், எந்தப் பங்கு என்று திருப்பிக் கேட்க வழியில்லை. நாமே ஒரு பங்கீட்டைக் கற்பித்து, அது இன்ன அனுமானம் என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் அளக்க வேண்டும்.

அந்த மூன்று இலக்குகளில் நிறுவுதிறன் என்பது எளிதில் இனிக்கும் எண். 2020-இல் ஆசியானின் நிறுவுதிறனில் மூன்றில் ஒரு பங்கு புதுப்பிக்கத்தக்கதாகிவிட்டது. அதே ஆண்டு மொத்த வழங்கலில் அதன் பங்கு 14 சதவீதம் சொச்சம்தான். ஒரே பிராந்தியம், ஒரே ஆண்டு; எந்த எண்ணைத் தலைப்பாக்குகிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியாகவும் பின்னடைவாகவும் எழுதலாம்.

நிறுவுதிறன் எண்ணை உயர்த்தியதில் வியட்நாமுக்குப் பெரிய பங்குண்டு. 2018 முடிவில் அங்கே சோலார் பேருக்குத்தான் இருந்தது. 2019 ஜூன் 30-க்குள் ஓடத் தொடங்கும் ஆலைகளுக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று அரசு அறிவித்திருந்தது. அந்த நாளுக்குள் 4 கிகாவாட்டுக்கும் மேல் வந்து குவிந்தது. அடுத்த சலுகை 2020 டிசம்பரில் முடிந்தபோது கூரைச் சோலாரையும் சேர்த்து 16 கிகாவாட்டைத் தாண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் இப்படி ஒரு வேகம் உலகத்தில் அபூர்வம். கொள்கைதான் இதைச் செய்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். கெடு தேதிகளைச் சுற்றி நிறுவல்கள் குவிந்திருக்கும் விதமே அதற்குச் சாட்சி. கெடு முடிந்ததும் வேகம் அப்படியே விழுந்தது.

ஆனால் ஆலைகள் பெரும்பாலும் வெயில் காயும் நிந்துவான், பிந்துவான் போன்ற தென்மத்திய மாகாணங்களில் எழுந்தன. அங்கிருந்து மின்சாரத்தை எடுத்துப்போகும் கம்பிகள் அதே வேகத்தில் வரவில்லை. உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. 2023 மே, ஜூனில் வெப்பமும் வறட்சியும் சேர்ந்து வடக்கே நீர்மின் தேக்கங்கள் வற்றியபோது அங்கே மின்வெட்டு வந்தது. தெற்கின் சோலாரைப் போதிய அளவு மேலே அனுப்ப வழியில்லை. வடக்குக்கான 500 கிலோவோல்ட் மூன்றாவது பாதை 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது. நிறுவுதிறன் அளவுகோலில் வியட்நாம் 2020-லேயே நட்சத்திரம். பயன்பட்ட மின்சாரத்தை வைத்து அளந்தால் சலுகை விலைக்கு நல்ல மதிப்பெண்ணும் கம்பித் திட்டத்துக்கு மோசமான மதிப்பெண்ணும் விழும்.

எரிசக்திச் செறிவு இன்னும் வழுக்கலானது. தொகுதியான எரிசக்தியைத் தொடாமலே பகுதியான ஜிடிபி வளர்ந்தால் போதும், எண் அழகாக இறங்கும். அதை மட்டும் வைத்து எந்த நாட்டின் திறன் கொள்கையையும் நான் பாராட்டமாட்டேன்.

எல்லை தாண்டும் மின்சாரம் இன்னொரு முடிச்சு. 2022 ஜூனிலிருந்து லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு 100 மெகாவாட் வரை போகத் தொடங்கியது. ஆசியானின் மொத்தக் கணக்கில் இது ஒருமுறைதான் வரும், பிரச்சினை இல்லை. நாடுவாரிக் கணக்கில் யாருடைய ஏட்டில் எழுதுவது? அணை லாவோஸில், தேவையும் பணமும் சிங்கப்பூரில். தன் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எரிவாயுவை நம்பும், இடமும் இல்லாத சிங்கப்பூருக்கு இறக்குமதிதான் பெரிய கொள்கைக் கருவி. உற்பத்தி நடந்த மண்ணை வைத்து மட்டும் எண்ணினால் அந்தக் கருவி எண்ணிலேயே தெரியாது. இருவரும் எழுதிக்கொண்டால் இரட்டைக் கணக்கு. விதியை முன்பே எழுதி வைப்பது ஒன்றே வழி.

ஐரோப்பாவும் 2030-க்குப் பாணியை மாற்றிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். இப்போதைய 42.5 சதவீதம் ஒன்றியத்துக்குக் கட்டாயம், நாடுகளுக்குத் தனித்தனிக் கட்டாய எண் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே அறிவிக்கும். அதைச் சூத்திரம் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டு ஐரோப்பிய ஆணையம் கருத்துச் சொல்லும். இதனால் ஓர் இடைவெளி இருந்த இடத்தில் இரண்டு வந்துவிட்டன. நாடு அறிவித்தது தேவைக்குக் குறைவா என்பது ஒன்று. அறிவித்ததையாவது செய்கிறதா என்பது இன்னொன்று. 2025 மேயில் ஆணையம் நாடுகளின் திட்டங்களைக் கூட்டிப் பார்த்தபோது புதுப்பிக்கத்தக்க பங்கு சுமார் 41 சதவீதம் வந்தது, கிட்டத்தட்டச் சரி. திறனில் 11.7 சதவீதக் குறைப்பு வேண்டிய இடத்தில் 8.1-தான் தேறியது. இது எல்லாம் காகிதத்தில், எல்லாரும் சொன்னபடி செய்தால். இரண்டு இடைவெளிகளையும் ஒரே எண்ணாகக் கலந்தால், குறைவாக வாக்களித்து முழுதாக நிறைவேற்றியவரும், அதிகமாக வாக்களித்துச் சற்றுக் குறைந்தவரும் இடம் மாறிவிடுவார்கள்.

கூட்டுக் குறியீடுகள் பற்றியும் சிலர் கேட்பார்கள். எரிசக்திப் பாதுகாப்புக்கு இத்தனை எடை, விலைக்கு இத்தனை, சூழலுக்கு இத்தனை என்று போட்டு நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள். எடையை மாற்றினால் வரிசை மாறும். செய்தித் தலைப்புக்கு ஆகும், கொள்கை ஆய்வுக்கு ஆகாது. உலக வங்கியின் ரைஸ் குறியீடு போல, எந்தச் சட்டம் இருக்கிறது எந்த விதி இருக்கிறது என்று எண்ணுபவை வேறு வகை. அவை பயன்படும், காகிதத்தில் இருப்பதைத்தான் அளக்கின்றன என்ற நினைவோடு பார்த்தால்.

சரி, நீங்கள் ஒரு நாட்டை எடுத்து உண்மையில் செய்யப்போகிறீர்கள் என்றால், நான் தொடங்கும் இடத்தைச் சொல்கிறேன். இலக்குப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஆண்டுவாரியாகப் புதிதாகச் சேர்ந்த நிறுவுதிறனை ஒரு வரைபடமாகப் போடுங்கள். அதன்மேல் அந்நாட்டின் சட்டங்கள், ஏலங்கள், சலுகைக் கெடுகள் வந்த தேதிகளைக் குறியுங்கள். கோடு எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கே ஒரு தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இல்லாமல் திரும்பினால் எண்ணெய் விலை, மழை, பொருளாதார மந்தம், புள்ளிவிவரத் திருத்தம் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பக்கத்தில் அதே சூழலில் உள்ள, அந்தக் கொள்கை இல்லாத இன்னொரு நாட்டின் கோட்டையும் வரைந்துவிட்டால் பாதி வாதம் முடிந்துவிடும். பங்கின் பகுதியை (கீழ் எண்ணை) தனியாக வரையுங்கள். பங்கு ஏறியது தொகுதி வளர்ந்ததாலா, பகுதி சுருங்கியதாலா என்று அது சொல்லிவிடும். அப்புறம்தான் இலக்கு எண்ணைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுவும் மூன்று ஆண்டுச் சராசரியோடு, கணக்கு மாற்றங்கள் நீக்கிய வரியையும் பக்கத்தில் வைத்து. பழைய ஆண்டு எண்களை எப்போது பதிவிறக்கினீர்கள் என்ற தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். போலந்தின் 2019 எண்ணைப் போல, அடுத்த ஆண்டு அதே அட்டவணையைத் திறந்தால் வேறொரு எண் இருக்கக்கூடும்.